மாநாட்டுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்

கட்டற்ற மென்பொருள் தொண்டர்களிடம் நம் சங்கங்கள் கற்கத் தக்கவை

சரக்கை விற்க விளம்பரம் வேண்டும் என்பது வாணிபம் செய்வோர் யாவரும் அறிந்ததே. விற்பதற்கு ஒன்றும் இல்லாத ஒரு கூட்டத்தார், ஊதியம் பெறாது உழைத்து, எவரும் விலை கொடாமல் எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளுக்காக மாநாடு கூட்டி, அதற்கென விளம்பரப் பிரசுரமும் அச்சிடுவார்களாயின், அதன் காரணத்தை அறிய யாருக்கும் ஆவல் எழும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் இதனைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றனர். அவர்கள் பிரசுரம் தயாரிக்கும் முறையில் கூட்டுறவாளராகிய நாம் கவனிக்கத் தக்கவை பல உள்ளன.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். வல்லுநர் எழுதிய வடிவிலேயே அக்கட்டளைகள் இருப்பின், அதற்கு மூலநிரல் என்று பெயர். ஜக்கார்டு தறியில் நெய்யும் நம் அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சேலையை மட்டும் வாங்கியவர் அதனை உடுத்தலாம், அவ்வளவே. கட்டத் தாளில் வரைந்த டிசைனும், அதன்படி குத்திய அட்டைகளும் கைக்கு வந்தால்தான் பூவை மாற்றவும், கரையை அகலப்படுத்தவும் இயலும். விலைக்கு வரும் மென்பொருளிற் பெரும்பாலானவற்றில் நமக்குக் கிடைப்பது சேலை மட்டுமே. கட்டற்ற மென்பொருளிலோ அட்டைகளும் உடன் வருகின்றன. பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு.

விழுப்புரமும் கொச்சியும்

இவ்வியக்கத்தின் பெரிய ஸ்தாபனங்களுள் ஒன்று டெபியன். 1993 ஆகஸ்டு 16-இல் இயன் மர்டாக் என்னும் மாணவர் இதனைத் தொடங்கினார். 1997-இல் இதன் தொண்டர்கள் 'சமூக ஒப்பந்தம்' என்னும் உறுதிமொழியை ஏற்றனர். 2000-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் முதல் மாநாடு கூடியது. இந்தியாவில் முதன்முறையாக 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில் அம்மாநாடு நடைபெற்றது; 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்திருந்தனர். அதே ஆண்டு ஜனவரி 28, 29 தேதிகளில் நம் மாநிலத்தின் விழுப்புரத்தில் ஒரு சிறு டெபியன் மாநாடு கூடியது. பெருநகரங்களில் மட்டுமே இத்தகைய கூட்டங்கள் நடத்த இயலும் என்ற எண்ணத்தை விழுப்புரத்துத் தொண்டர்கள் மாற்றிக் காட்டினர்.

திருப்பூர் வட்டாரத்தாருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் கணக்கு, நூல் இருப்பு, ஏற்றுமதிப் பட்டியல் ஆகிய யாவும் இன்று கணிப்பொறியில்தான் ஏறுகின்றன. விவசாயிகளின் சங்கங்களும் அவ்வழியே செல்கின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பேரேடு தாளில் இருந்தவரை, அதனைத் திறந்து பார்க்கும் உரிமை அங்கத்தினருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. பேரேடு மென்பொருளுக்குள் புகுந்தபின், கணக்குப் போடும் முறையைத் திறந்து பார்ப்பவர் யார்? இக்கேள்வியை விவாதிக்கும் இடம் இத்தகைய மாநாடுகளே. ஆனால் அங்கே கூடுவோருள் நெசவாளரும், தையல் தொழிலாளரும், சங்கக் காரியதரிசிகளும் அரியர். அவர்களை அழைக்க வேண்டியது பிரசுரத்தின் வேலை.

இரு வகைப் பிரசுரங்கள்

மாநாட்டுத் தொண்டர்கள் முதலில் முடிவு செய்வது, பிரசுரம் யாருக்கு என்பதே. நன்கொடையாளருக்கு ஒன்று, வருவோருக்கு ஒன்று என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். டெபியன் மாநாட்டின் நன்கொடைப் பிரசுரத்தில் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், ஆதரவாளர் என்று படிகள் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு தொகை, அதற்கு ஈடாக நிறுவனத்தின் சின்னம் எங்கெங்கே இடம்பெறும் என்று தெளிவாக எழுதப்படுகிறது. தருபவரும் பெறுபவரும் ஒரே தாளைப் படிப்பதால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

வருவோருக்கான பிரசுரம் வேறு வகையானது. டெபியன் மாநாட்டில் கலந்து கொள்ளக் கட்டணம் இல்லை. வசதியற்றோர் உணவு, தங்குமிடம், பயணச் செலவு ஆகியவற்றுக்கு உதவி கோரி விண்ணப்பிக்கலாம். இவ்வொரு செய்தியே கூலிக்கு உழைக்கும் ஒருவரை வரச் செய்யும் அல்லது வராமல் தடுக்கும். ஆகவே இது பிரசுரத்தின் முதற் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைவர்களின் படங்களும் வாழ்த்துரைகளும் நிறைந்து, கட்டணமும் நேரமும் பேருந்து வழியும் கடைசிப் பக்கத்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் பிரசுரங்களை நம் சங்கங்களிலும் கண்டிருக்கிறோம். படிப்பவர் தேடுவது எது என்பதை எண்ணாமல் அச்சிடுவதன் விளைவு அது.

சொல்லும் மெய்யும்

அடுத்தது சொற்களின் தேர்வு. 'மூலநிரல் களஞ்சியம்', 'உரிமக் கோட்பாடு' என்றெல்லாம் எழுதினால் கல்லூரி மாணவர் வருவர். செக்கிங் மேசையில் நிற்பவர் தாளை மடித்து வைத்துவிடுவார். 'பில் போடவும், கூலிக் கணக்கு எழுதவும், டிசைன் வரையவும் உதவும் மென்பொருள்கள், விலை இல்லை, தமிழில் கற்றுத் தருவோர் உண்டு' என்று எழுதினால் அவரும் நின்று படிப்பார். தமிழில் இப்பணிக்கு முன்னோடிகள் உளர். 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்கி வருகின்றது; அதன் கட்டுரைகளை எவரும் மறுபதிப்புச் செய்யலாம்.

எளிமையினும் முக்கியமானது உண்மை. டெபியனின் சமூக ஒப்பந்தத்தில், குறைபாடுகளை மறைக்க மாட்டோம் என்பதும் ஓர் உறுதிமொழி. பிழை பற்றி வரும் புகார்கள் யாவும் எல்லாரும் காணப் பகிரங்கமாகவே வைக்கப்படுகின்றன. அத்தகையோரின் பிரசுரம் மிகைப்படக் கூறினால் அவர்கள் ஒப்பந்தமே பொய்யாகும். திருப்பூரில் கணக்கர் பலர் பயன்படுத்தும் டாலி, விண்டோஸ் இயங்குதளத்துக்காக ஆக்கப்பட்டது. டெபியனில் அது நேரடியாக இயங்காது. இதனைப் பிரசுரத்திலேயே சொல்லிவிடுவது நன்று. சொல்லாமல் அழைத்தால், வந்தவர் மறுநாளே ஏமாற்றத்துடன் திரும்புவார், மற்றுமொருமுறை வரமாட்டார். சாயம் போகும் துணியைக் கெட்டிச் சாயம் என்று விற்றவர் கடைக்கு யார் மறுபடி செல்வர்?

எழுத்தும் அச்சும்

கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் பிரசுரத்தைக் கட்டற்ற மென்பொருளிலேயே ஆக்க வேண்டும் என்பது இத்தொண்டர்களின் விரதம். படம் வரைய இங்க்ஸ்கேப்பும், புகைப்படம் திருத்த கிம்பும், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸும் உள்ளன. ஆனால் தமிழுக்கு நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும் அல்லவா? பழைய ஸ்கிரைபஸில் இவ்வொழுங்கு அமையாது. அரபு எழுத்துக்கும் இத்தகைய இடர்ப்பாடு இருந்ததால், ஓமான் நாட்டுத் தொண்டர்கள் இதற்கென உழைத்தனர். அவ்வுழைப்பின் பயன் 2017-இல் வெளிவந்த 1.5.3 பதிப்பில் சேர்ந்தது. அதனால் தமிழும் நேராயிற்று. அரபு மொழிக்காக ஒருவர் இட்ட பாலத்தில் நாமும் நடக்கிறோம்.

எழுத்துரு விஷயமும் இவ்வாறே. ஒரு கணிப்பொறியில் அடித்த தமிழ் மற்றொன்றில் படிக்க இயலாமற் போன காலம் உண்டு. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று விலையின்றிப் பெறத்தக்க ஒருங்குறி எழுத்துருக்கள் பல உள்ளன. அவற்றுள் 'மீரா இனிமை' என்பதை நமக்கு அளித்தவர்கள் கேரளத்தின் 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழுவினர்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் செய்ய வேண்டியவை நம் தொழிலில் உள்ளோருக்குப் புதியன அல்ல. சாயப்பட்டறையில் லேப் டிப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே முழுத் துணியையும் சாயத்தில் இறக்குவோம். அதுபோலவே மாதிரிப் பிரதி ஒன்றை அச்சிட்டு, நிறத்தையும் மடிப்பையும் பிழையையும் பார்த்த பின்னரே முழு எண்ணிக்கையும் அச்சிட வேண்டும். திரையில் ஒளிரும் நீலம் தாளில் மங்கும். வெட்டும்போது ஓரம் வெளுத்துத் தெரியாதிருக்க, பின்னணி நிறத்தை நாற்புறமும் சுமார் 3 மில்லி மீட்டர் கூடுதலாக விடுதல் வழக்கம்.

மினிட்ஸ் புத்தகம் போன்றது

டெபியனின் விளம்பரக் குழுவினர் தம் துண்டுப் பிரசுரங்களின் மூல வடிவத்தையே பொதுவில் வைத்துள்ளனர். எந்நாட்டுத் தொண்டரும் அதனை எடுத்துத் தம் மொழியில் பெயர்த்து அச்சிடலாம். எந்த வரியை யார், எப்போது, எக்காரணத்தால் மாற்றினார் என்பது பதிவாகி நிற்கும். நம் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்துக்கு இதனை ஒப்பிடலாம். தொண்டர்களிடையே கருத்து வேற்றுமை எழுவது இயல்பு. பதிவு இருப்பதால் வாதம் ஆளைப் பற்றியதாகாமல் வரியைப் பற்றியதாக நிற்கின்றது. இன்று உழைப்பவர் நாளை வேறு ஊர் செல்லினும் வேலை நின்றுவிடுவதில்லை.

நம் சங்கங்களில் நிலைமை என்ன? ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். சென்ற ஆண்டின் பிரசுரத்தைத் தேடினால் அச்சிட்ட தாள் கிடைக்கலாம்; அதன் மூல வடிவம் ஏதோ ஓர் அச்சகத்தின் கணிப்பொறியில் கிடக்கும். ஒரு வரி திருத்தவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. இவ்வாண்டு முதல் ஒவ்வொரு சங்கமும் தன் பிரசுரத்தின் மூலத்தைத் தானே வைத்திருந்து, அண்டைச் சங்கங்களுக்கும் வழங்கலாம். சென்னிமலையில் எழுதியதைப் பவானியில் ஊர்ப் பெயர் மாற்றி அச்சிடலாம். இதற்கு வேண்டியது ஒரு கணிப்பொறியும், கற்க விருப்பமுள்ள இரண்டு இளைஞர்களும், பிழை திருத்தப் பொறுமையுள்ள ஒரு பெரியவருமே.

விழுப்புரத்தில் நடந்தது திருப்பூரிலும் நடக்கக் கூடியதே. பனியன் துணிக்கும் அச்சுக்கும் பெயர் பெற்ற நம் ஊரில், மாநாட்டுக்குச் சின்னம் பொறித்த டி-சட்டை தைக்க ஆள் தேட வேண்டியதில்லை. எழுதத் தெரிந்தவரும், வரையத் தெரிந்தவரும், கணக்குத் தெரிந்தவரும் ஒன்று கூடினால் அழைப்புப் பிரசுரம் தானே உருவாகும். அதன் முதல் வரி நெசவாளருக்கும் விவசாயிக்கும் தையல் தொழிலாளருக்கும் விளங்கும் தமிழில் அமைவதாக. பேரேட்டைத் திறந்து பார்க்கும் உரிமையைப் பேணிய கூட்டுறவாளர், மென்பொருளைத் திறந்து பார்க்கும் உரிமைக்கும் முன்வந்து துணை நிற்பார்களாக.