முன்பல் உடைஞ்சு போச்சா? சிரிப்பை ஏன் நிறுத்தறீங்க?

முன்பல்லில் ஒரு மூலை உடைந்தால், மனுஷன் முதலில் கண்ணாடியைத் தேடுகிறான். அடுத்து வாயை மூடிக்கொள்கிறான். அப்புறம் ஆபீஸில் யார் ஜோக் அடித்தாலும் கர்ச்சீப்புக்குள்தான் சிரிப்பு. ஆதார் போட்டோவிலிருந்து பெண் பார்க்கும் படலம் வரை ஒரே 'உம்'!

உடைவதற்குக் காரணமா இல்லை? சோடா மூடியைப் பல்லால் திறக்கிற வீரம், கபடி, பைக் சறுக்கல்... பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பக்கம் ஒருகாலத்தில் கடல். அங்கே கிடைத்த சுறாப் பற்களுக்கு வயது சுமார் 10 கோடி வருஷம்! உடம்பு மக்கிப் போச்சு, பல் நிற்கிறது. ஆனால், சுறாவுக்கு விழ விழ முளைக்கும். நமக்குப் பால் பல், அப்புறம் நிரந்தரப் பல். அத்தோடு கடை மூடியாச்சு. பல்லின் மேல்பூச்சான எனாமலில் உயிருள்ள செல் கிடையாது. உடைந்தால் தானாக வளராது.

எவ்வளவு ஆழம்?

எனாமல் மட்டும் சிதறியிருந்தால் வலிக்காது, நாக்கைத்தான் கீறும். உள்ளே மஞ்சளாக டென்டின் தெரிந்தால், ஜில் தண்ணீர் பட்டதும் 'சுரீர்'! நடுவில் சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால் நரம்பு வரை போயிருக்கிறது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சில சமயம் வேர் சிகிச்சை தேவைப்படும்.

ஒட்டுவது எப்படி?

சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால்தானே சிமென்ட் பிடிக்கும்? பல்லுக்கும் அதே கதைதான். உலோகத்தில் பெயின்ட் பிடிக்க ஆசிட் தடவுவதைப் பார்த்து, அமெரிக்கப் பல் டாக்டர் மைக்கேல் புவோனோகோர் 1955-ல் அதைப் பல்லில் செய்து காட்டினார்.

முதலில், பல் ஈரமாக இருக்கும்போதே கலர் பொருத்தம் பார்ப்பார்கள். காய்ந்த பல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும் என்பதால்தான் இந்த உஷார். பிறகு பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவார்கள். உலர்த்தினதும் எனாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் பள்ளங்கள் விழுந்துவிட்டன என்று அர்த்தம். அதில் ஒட்டும் திரவம் தடவி, அதற்கு மேல் காம்போசிட் என்ற பசையை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். கடைசியில், கடித்துப் பார்க்கச் சொல்லி, இடிக்கிற இடத்தைத் தேய்த்துப் பாலிஷ்.

சின்ன உடைசல் என்றால் பெரும்பாலும் ஒரே உட்காரலில் வேலை முடியும். எனாமலோடு நின்றிருந்தால் பல நேரம் மரத்துப் போகும் ஊசிகூடத் தேவைப்படாது. பாதிப் பல்லுக்கு மேல் போயிருந்தால்தான் கேப் போடுகிற பேச்சு.

துண்டை வீசாதீங்க!

உடைந்த துண்டு கிடைத்தால், பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போங்கள். பொருந்தினால் அதையே ஒட்டிவிடலாம். கலர் கவலையே இல்லை. முழுப் பல்லும் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பக்கம் பிடித்து, பாலில் போட்டு ஓடுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

ஒட்டினது கல்வெட்டு இல்லை. டீ, வெற்றிலை, சிகரெட் கறை பிடிக்கும். நகம் கடித்தால் பெயரும். சில வருஷம் கழித்துத் திரும்பப் போட வேண்டி வரலாம். அடிபட்ட பல் மாதங்கள் கழித்துக் கறுத்தால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். வலிக்கலையே என்று விட்டுவிடக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய விஷயமில்லை இது. மாவட்டத் தலைநகர் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் காட்டினாலே என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுவார்கள். பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டே இருந்தால்தான் கடைசியில் பிடுங்க வேண்டி வரும்.

அதுவரை சோடா மூடிக்கு ஓப்பனர் வாங்கிக்கொள்ளுங்கள், ஸார். பல்லை விட அது ரொம்ப மலிவு!