புளிப்பிலிருந்து வந்த பிளாஸ்டிக்

தயிர் புளிப்பதும் இட்லி மாவு புளிப்பதும் ஒரே வகை நுண்ணுயிரிகளின் வேலை. சர்க்கரையைத் தின்று அவை லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. சுவீடனில் வாழ்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இதன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் தெளிவான, விறைப்பான ஒரு பிளாஸ்டிக் கிடைக்கும். அதன் பெயர் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பிஎல்ஏ. ஜூஸ் கடைக் குவளை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் இழை, எலும்பு முறிவில் பொருத்தும் கரையும் திருகு எனப் பல உருவங்களில் அது இன்று புழங்குகிறது.

அமிலத்தைக் கோப்பது எளிதல்ல. இரண்டு மூலக்கூறுகள் இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு பிரிகிறது. அந்த நீரே திரும்ப வந்து இணைப்பை அறுத்தும் விடுகிறது. நைலானை உருவாக்கிய வாலஸ் கரோதர்ஸ் 1932இல் இதில் இறங்கியபோது அவருக்குக் கிடைத்தது குட்டையான சங்கிலிகள்தான். அவற்றில் பலம் இல்லை. பிறகு வழி வேறு திசையிலிருந்து வந்தது. முதலில் குட்டைச் சங்கிலிகளை வேண்டுமென்றே செய்கிறார்கள். அவற்றைச் சூடாக்கி உடைத்தால் இரண்டு அமில மூலக்கூறுகள் சேர்ந்த வளையங்கள் கிடைக்கின்றன. இந்த வளையத்துக்கு லாக்டைட் என்று பெயர். அதை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி, வெள்ளீயச் சேர்மம் ஒன்றை வினையூக்கியாகச் சேர்த்தால், வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. வளையம் திறக்கும்போது நீர் பிரிவதில்லை. அதனால் சங்கிலி நீள்கிறது.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பிளேர். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். ஆண்டுக்குச் சுமார் 1,40,000 டன் திறனுடன் 2002இல் அங்கே ஆலை தொடங்கியது. மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்து, நொதிகளால் அதைச் சர்க்கரையாக்கி, தொட்டிகளில் நுண்ணுயிரிகளுக்கு உணவாகக் கொடுக்கிறார்கள். ஒரு சிக்கல் உண்டு: தாம் வெளிவிட்ட அமிலம் கூடக்கூட அந்த நுண்ணுயிரிகளே சோர்ந்துவிடும். ஆகவே சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைச் சமன்செய்வது பழைய முறை. பின்னர் அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு டன் லாக்டிக் அமிலத்துக்கும் ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் கழிவாகத் தேங்கும். செடியில் தொடங்கும் பொருள் என்பதால் அதன் பாதை முழுவதும் பச்சையாக இருந்துவிடாது. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

மக்காச்சோளம்தான் வேண்டும் என்பதில்லை. தாய்லாந்தின் ரயோங்கில் கரும்புச் சர்க்கரையிலிருந்து இதே பிளாஸ்டிக்கைத் தயாரிக்கிறார்கள். மரவள்ளி மாவும் உதவும்.

இனி முக்கியமான கேள்வி. இது மக்குமா? மக்கும், ஆனால் எங்கே என்று கேட்க வேண்டும். பிஎல்ஏ சிதைவது இரண்டு கட்டங்களில். முதல் கட்டத்தில் நுண்ணுயிரிக்கு வேலை கிடையாது. நீர் உள்ளே புகுந்து சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். துண்டுகள் போதிய அளவு சிறுத்த பிறகே நுண்ணுயிரிகளால் அவற்றைத் தின்ன முடியும். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே பிஎல்ஏவின் சங்கிலிகள் இறுகிக் கிடக்கின்றன, நீர் மெல்லத்தான் நுழைகிறது. அந்த வெப்பத்தை நெருங்கும்போது அவை இளகுகின்றன. சாதாரண பிஎல்ஏ குவளையில் கொதிக்கும் தேநீர் ஊற்றினால் அது நெளிந்துபோவதும் இதே காரணத்தால்தான். பெரிய உரக்கிடங்குகளில் குவியலின் உட்புறம் நுண்ணுயிரிகளின் உழைப்பாலேயே 60 டிகிரிக்கு அருகில் சூடாகிவிடும். ஈரமும் இருக்கும். அங்கே பிஎல்ஏ சில மாதங்களில் காணாமல் போகிறது. வீட்டுத் தோட்டத்துக் குழி சிறியது, வெப்பம் தங்காது. கடல் நீரிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் ஊரில் சித்திரை வெயிலில் மண் கொதிப்பது உண்மை. ஆனால் அந்த நாட்களில் மேல்மண்ணில் ஈரம் இருப்பதில்லை. வெப்பமும் ஈரமும் ஒரே நேரத்தில் வேண்டும்.

மக்குவதற்கான சோதனை விதிகளும் இந்த உரக்கிடங்கை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. இந்தியா பின்பற்றும் ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி, உரமாகும் சூழலில் 12 வாரத்துக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் பொருளின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். தெருவோரச் சாக்கடையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனை அளக்கவில்லை. அளப்பதாக அது சொல்லவும் இல்லை. விளம்பரங்கள்தான் ‘மக்கும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, ‘எங்கே’ என்பதை விழுங்கிவிடுகின்றன.

கடைகளில் தரும் மெல்லிய மக்கும் பையின் கதை சற்று வேறு. அதன் அடிப்படை பெரும்பாலும் மாவுச்சத்து. கிளிசரின் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்தால் மாவு இளகும் பிளாஸ்டிக்காகிறது. ஆனால் ஈரம் பட்டதும் தொய்யும். அதைத் தாங்கவைக்க பிபிஏடி என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது! எதிர்ப்பக்கத்தில், பிரேசிலில் கரும்பு எரிசாராயத்திலிருந்து 2010 முதல் தயாராகும் பாலிஎத்திலீன் செடியிலிருந்தே பிறந்தாலும், வேதியியல்படி வழக்கமான பாலிஎத்திலீனேதான், மக்காது. எதிலிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி, எப்படி முடியும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதே இந்தத் துறையில் மக்களை ஏமாற்ற எளிய வழி.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பலவகைப் பைகளைக் காற்றிலும் மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டு விட்டுப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உரமாகும் பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் உருவம் கலையாமல் கிடந்தது, பளு தாங்கத்தான் முடியவில்லை. ‘சிதையும்’ என்று விற்கப்பட்ட மற்றொரு வகைப் பை, மூன்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் மளிகைச் சாமான் சுமக்கும் நிலையில் இருந்தது.

பிஎல்ஏவின் தகுதியை நான் குறைத்து மதிக்கவில்லை. அறுவை சிகிச்சையில் அதற்கு ஈடு அரிது. 1970களில் லாக்டிக் அமிலமும் அதன் உறவினரான கிளைக்கோலிக் அமிலமும் கலந்த தையல் நூல்கள் வந்தன. சில வாரம் காயத்தைப் பிடித்து நின்றுவிட்டு, உடல் ஈரத்தாலேயே அவை அறுந்து கரைகின்றன. எஞ்சும் லாக்டிக் அமிலம் நம் தசைகள் தினமும் உண்டாக்குவதுதான். நூலைப் பிரிக்க இரண்டாம் முறை கத்தியோ கத்திரியோ தேவையில்லை. மிச்சச் சோறும் எண்ணெயும் ஒட்டிய தட்டுகளைச் சமையல் கழிவோடு சேர்த்து உரக்கிடங்குக்கு அனுப்பும் ஊரிலும் இதற்கு நியாயமான இடம் உண்டு. அந்தக் கிடங்கு இல்லாத ஊரில், குப்பைமேட்டில் கிடக்கும் பிஎல்ஏ குவளைக்கும் சாதாரணக் குவளைக்கும் மாடு வேறுபாடு காணாது. தவறிப்போய்ப் பழைய பெட் பாட்டில்களோடு கலந்தால் மறுசுழற்சியையும் கெடுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பெட் உருகுவது 250 டிகிரி அளவில், பிஎல்ஏவோ 170க்குள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும்.

எனவே ஒரு நகராட்சி மக்கும் பைகளுக்கு மாறும் முன் உரக்கிடங்கைக் கட்டி, குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கத் தொடங்க வேண்டும் என்பேன். மரவள்ளி விளையும் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் ஆலைகள் ஏற்கெனவே உள்ளன. மூலப்பொருளுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. முதலில் வேண்டியது அந்தப் பை போய்ச் சேரும் இடம். கடையில் ‘மக்கும் பை’ என்று நீட்டினால் அதன் மேல் அச்சான எழுத்தைப் படியுங்கள். உரமாகும் பை என்ற குறிப்பும், தயாரிப்பாளர் பெயரும், சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதி.