பழைய கட்டிலா? பார்த்து வாங்குங்கள்

கட்டில் வேண்டும். மேசை வேண்டும். துணி வைக்க அலமாரி வேண்டும். புதுச் சாமான் கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அப்போது பலரும் பழைய சாமான் கடைக்குப் போகிறார்கள்.

போவது நல்லதுதான். ஆனால் அங்கே உறுதியான சாமானும் இருக்கும். உளுத்துப் போன சாமானும் இருக்கும். இரண்டின் மேலும் ஒரே பளபளப்புதான். பார்க்கத் தெரிந்தால் லாபம். தெரியாவிட்டால், பல மாதம் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

எங்கிருந்து வருகின்றன?

பழைய வீட்டை இடிக்கிறார்கள். வேலை மாற்றலாகி ஊர் விட்டுப் போகிறார்கள். அலுவலகத்தில் உடைந்த நாற்காலிகளை ஏலம் விடுகிறார்கள். இப்படி வரும் சாமான்கள் பழைய கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன.

மும்பையில் சோர் பஜார் என்ற பழைய சந்தை இருக்கிறது. 'சோர்' என்றால் இந்தியில் திருடன். இரைச்சல் என்று பொருள்படும் 'ஷோர்' என்ற சொல்தான் இப்படித் திரிந்தது என்றும் சொல்வார்கள். அங்கே மட்டன் தெருவில் பழைய மரச்சாமான்களைப் பார்க்கலாம். கேரளத்தில் கொச்சி நகரின் மட்டாஞ்சேரியிலும் பழம்பொருள் கடைகள் உண்டு. குஜராத்தில் ஆலங் என்ற கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். கப்பலில் இருந்த கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அந்தச் சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன.

தமிழ்நாட்டில் காரைக்குடியும் இதற்குப் பெயர் பெற்றது. செட்டிநாட்டு வணிகர்கள் அந்தக் காலத்தில் பர்மாவில் தொழில் செய்தார்கள். அங்கிருந்து தேக்கு மரத்தைக் கப்பலில் கொண்டுவந்து பெரிய வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளில் சில பின்னால் இடிக்கப்பட்டன. அவற்றின் தூணும் கதவும் கடைக்கு வந்தன.

குப்பை என்று நினைத்தார்கள்

சண்டிகர் நகரம் 1950-களில் புதிதாகக் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அதைத் திட்டமிட்டார். அவருடைய உறவினர் பியர் ஜென்னரே என்பவரும் உடன் வேலை செய்தார். அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாற்காலி, மேசை வேண்டியிருந்தது. ஜென்னரேயும் அவருடன் இருந்தவர்களும் அவற்றை வடிவமைத்தார்கள். இங்குள்ள தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் அவற்றைச் செய்தார்கள்.

வருடங்கள் ஓடின. நாற்காலிகள் பழசாயின. பிரம்பு கிழிந்தது. அவற்றை மூலையில் குவித்து வைத்தார்கள். பிறகு கழிவுச் சாமான் என்று ஏலத்தில் குறைந்த விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பழுது பார்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவை லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போயின. விஷயம் தெரிந்த பிறகு, 2011-ஆம் ஆண்டில் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கக் கூடாது என்று தடுத்தது. அதற்குள் ஏராளமானவை போய்விட்டன.

பொருளின் மதிப்பு தெரியாதவர் விற்றார். தெரிந்தவர் வாங்கினார். இதுதான் அங்கே நடந்தது. விற்பவருக்கும் மரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன மரம்?

தேக்கு மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் அதைக் கறையான் எளிதில் தொடாது. ஈரமும் எளிதில் கெடுக்காது. ஈட்டி மரம் கனமானது, கருஞ்சிவப்பாக இருக்கும். பலா மரம் முதலில் மஞ்சளாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகும். மாமரம் விலை குறைவு. ஆனால் வண்டு சீக்கிரம் துளைக்கும்.

எந்த மரமானாலும் நடுப்பகுதிதான் உறுதி. அதைத்தான் வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்கிறோம். பட்டையை ஒட்டிய பகுதி வெளுப்பாக இருக்கும். தேக்கிலும் கூட அந்த வெளுத்த பகுதியைப் பூச்சி அரிக்கும். 'தேக்கு' என்ற பேரை மட்டும் நம்பக் கூடாது.

பாலிஷ் போட்டால் எல்லா மரமும் ஒரே நிறம்தான். அதனால் முன்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். டிராயரை வெளியே இழுத்து அதன் அடியைப் பாருங்கள். அங்கே பாலிஷ் இருக்காது. மரத்தின் உண்மையான நிறம் தெரியும்.

பலகையின் ஓரத்தையும் பாருங்கள். முழு மரம் என்றால் மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடரும். ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். மரத்தூளை அழுத்தியது போல இருந்தால் அது தூள் பலகை. தூள் பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். திருகாணி கழன்றால் மறுபடி பிடிக்காது. அதற்கு முழு மரத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு பழையது?

"நூறு வருடத்துச் சாமான்" என்று கடைக்காரர் சொல்லலாம். அதை ஓரளவு சோதிக்க முடியும். திருகாணியின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போன்ற வெட்டுள்ள திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. அப்படிப்பட்ட திருகாணி இருந்தால், ஒன்று பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சாமானே பிறகு செய்தது. 

தேய்மானத்தையும் பாருங்கள். நாற்காலியில் கை வைக்கும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். கட்டில் காலின் அடிப்பகுதி தேய்ந்திருக்க வேண்டும். கை படாத இடத்திலும் ஒரே மாதிரி தேய்மானம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூட்டு உறுதியா?

நல்ல தச்சர் ஆணியை மட்டும் நம்ப மாட்டார். ஒரு கட்டையில் துளை போடுவார். இன்னொரு கட்டையில் நாக்கு செதுக்குவார். இரண்டையும் இறுக்கிப் பொருத்துவார். சில நேரம் மர ஆணியும் அடிப்பார். இந்த மூட்டு பல தலைமுறைக்கு நிற்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூட்டு தளர்ந்திருந்தால் தச்சர் சரி செய்துவிடுவார். ஆனால் கட்டையே பிளந்திருந்தால் செலவு அதிகம். பிரம்பு கிழிந்திருந்தால் புதிதாகப் பின்னலாம். அதற்கு ஆகும் கூலியை முதலில் விசாரியுங்கள்.

பூச்சியை வீட்டுக்கு அழைக்காதீர்கள்

இதுதான் மிக முக்கியம். பூச்சி உள்ள ஒரு கட்டில் வீட்டுக்குள் வந்தால், மற்றச் சாமானும் கெடலாம். கதவும் கூரை மரமும் கூடக் கெடலாம்.

குண்டூசி முனை அளவில் துளைகள் இருக்கின்றனவா? அது வண்டின் வேலை. துளையிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கலாம். சாமானைத் தட்டிவிட்டு, அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் போய்ப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.

மண் பூசிய கோடு தெரிந்தால் அது கறையானின் வழி. மண்ணே தேவைப்படாமல் மரத்துக்குள்ளேயே வாழும் கறையானும் உண்டு. அதன் எச்சம் கசகசா போலச் சிறு மணியாக விழும். விரலால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்று ஓசை வந்தால் உள்ளே அரித்திருக்கலாம்.

கட்டிலின் இடுக்குகளில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். மூட்டைப்பூச்சி பல மாதம் இரத்தம் குடிக்காமலே உயிரோடு இருக்கும். கட்டில் வெகுநாள் சும்மா கிடந்தது என்று சொன்னாலும் நம்பாமல் பார்த்துவிடுங்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டலாமா?

பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வந்தன. 2017 நவம்பர் முதல் அவை நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தீயால் சுட்டும் எடுக்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகே வரக் கூடாது. பெயின்ட் உரியும் கட்டிலைச் சுரண்டாமல் அப்படியே குழந்தைக்குப் போடுவதும் ஆபத்துதான்.

கணக்குப் போடுங்கள்

கடைக்காரர் சொல்வது கட்டிலின் விலை மட்டும்தான். மொத்தச் செலவு வேறு. ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்:

கட்டிலின் விலை: 4,000 ரூபாய்
வண்டி வாடகை: 600 ரூபாய்
தச்சர் கூலி: 900 ரூபாய்
பாலிஷ்: 1,000 ரூபாய்
மொத்தம்: 6,500 ரூபாய்

இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் ஊர் விலையை எழுதிக் கூட்டுங்கள். அதே அளவுள்ள புதுக் கட்டிலின் விலையோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு பேரம் பேசுங்கள்.

புறப்படும் முன் வீட்டு வாசலின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். அலமாரி நல்லதாக இருந்தால் போதாது. அது வாசலில் நுழையவும் வேண்டும்.

ரசீது வாங்குங்கள்

ரசீதில் கடையின் பெயர், தேதி, சாமான், மரத்தின் பெயர், விலை எல்லாம் இருக்க வேண்டும். 'தேக்கு' என்று வாயால் சொன்னவர் அதைத் தாளில் எழுதித் தரட்டும். எழுதத் தயங்கினால் நீங்களும் வாங்கத் தயங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். அப்போது ரசீதுதான் உங்கள் சாட்சி.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களும் கைவினைப் பொருள்களும் அதில் அடங்கும். அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கோயிலிலிருந்து எடுத்த மரச்சிற்பம் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உங்கள் வீட்டிலேயே

பாட்டி காலத்துப் பெட்டி ஒன்று பரணில் கிடக்கலாம். கால் உடைந்த மேசை கொல்லையில் நனையலாம். பழைய சாமான் வாங்குபவர் தெருவில் வந்து, "இதை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பார். உடனே கொடுத்துவிடாதீர்கள். முதலில் துடைத்துப் பாருங்கள். கவிழ்த்துப் பாருங்கள். என்ன மரம் என்று ஊர்த் தச்சரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை விசாரியுங்கள். பழுது பார்த்தால் அது உங்கள் வீட்டிலேயே இன்னும் பல வருடம் உழைக்கலாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய மரச்சாமான் எது? அது என்ன மரம்?
2. மரத்துக்குள் பூச்சி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
3. சண்டிகர் நாற்காலிகளை விற்றவர்கள் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?