கோமகன்களின் ஊர் வைமார்

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. மனிதருக்கு மட்டுமன்று, ஊர்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில், துரிங்கியா மாநிலத்தில், இல்ம் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ள வைமார் அத்தகைய ஓர் ஊர். பெரிய துறைமுகமோ பொன் விளையும் சுரங்கமோ அங்கு இல்லை. இன்றும் அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 65,000 பேர்தாம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ 6,000 பேர் வாழ்ந்தாலே அதிகம். ஆயினும் ஐரோப்பாவின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்வூரின் பெயரைத் தவிர்த்து எழுத முடியாது. இச்சிற்றூர் எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு தாழ்ந்தது, தன் செல்வத்தை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை இங்கே காண்போம்.

தோல்வியில் பிறந்த தலைநகர்

பழைய ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பெரியதும் சிறியதுமாகப் பல அரசுகள் அங்கே இருந்தன. அவற்றுள் சிலவற்றை ஆண்டவர்கள் டியூக் எனப்படும் கோமகன்கள். வைமாரின் பெயர் முதன்முதலாக 899ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் காணப்படுகிறது. ஆனால் அதன் புகழுக்கு வித்திட்டது ஒரு தோல்வியே. 1547இல் மூல்பெர்க் என்னுமிடத்தில் நடந்த போரில் பேரரசரிடம் தோற்ற சாக்சனி நாட்டு அதிபர் யோகான் பிரெடரிக், தம் உயர் பதவியையும் நாட்டின் பெரும்பகுதியையும் இழந்து சிறைப்பட்டார். 1552இல் விடுதலை பெற்றதும், தமக்கு எஞ்சியிருந்த சிறு நாட்டில் வைமாரைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அவரைப் பிரிய மனமில்லாத முதிய ஓவியர் லூக்காஸ் கிரானாக்கும் அவரோடு வந்து, மறு ஆண்டே இவ்வூரில் கண்மூடினார்.

அன்று முதல் 1918 வரை அந்தக் குடும்பத்தார் வைமாரில் ஆட்சி செய்தனர். மகன்களுக்குள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டே வந்தமையால் அது மேலும் மேலும் சுருங்கியது. படைபலத்தால் பெயரெடுக்க அவர்களால் இயலவில்லை. எனவே கலையாலும் கல்வியாலும் பெயரெடுக்க முயன்றனர்.

அந்த முயற்சியிலும் குறை இல்லாமல் இல்லை. இசை மேதை யோகான் செபாஸ்தியான் பாக் 1708 முதல் இங்கே அரசவை இசைஞராகப் பணிபுரிந்தார். 1717இல் வேறோர் அரசவைக்குச் செல்ல அவர் விடை கேட்டார். விடாப்பிடியாகக் கேட்டார் என்பதற்காகக் கோமகன் வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் அவரை ஏறக்குறைய நான்கு வாரம் சிறையில் அடைத்துவிட்டார்! கலைஞரை வேலைக்காரராகவே எண்ணிய காலம் அது. ஆயினும் 1691இல் வைமாரின் நூலகத்தைத் தொடங்கி வைத்த பெருமையும் இதே கோமகனுக்கு உரியதே.

பதினெட்டு வயதில் ஏற்ற பாரம்

இவ்வூரின் பொற்காலத்துக்கு வாயில் திறந்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் அன்னா அமாலியா. 1739 அக்டோபர் 24இல் வொல்ஃபன்பியூட்டல் என்னும் ஊரில், அங்கு ஆண்ட கோமகனின் மகளாகப் பிறந்தார். பதினாறாம் வயதில் வைமாரின் இளங்கோமகனுக்கு வாழ்க்கைப்பட்டார். மணமாகி இரண்டே ஆண்டுகளில், 1758 மே மாதத்தில், கணவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை. கணவர் விட்டுச்சென்ற கருவூலமோ கடனில் மூழ்கியிருந்தது.

போதாக்குறைக்கு ஏழாண்டுப் போர் மூண்டிருந்தது. பிரஷ்ய நாட்டு மன்னர் பிரெடரிக் அவருடைய தாய்மாமன். வைமார் அடங்கிய பேரரசோ அந்த மாமனுக்கு எதிர்ப்பக்கம். இரு தீக்கொள்ளிகளுக்கு நடுவே அகப்பட்ட எறும்பின் நிலைதான்! எனினும் அந்த இளந்தாய் மனந்தளரவில்லை. 1759இல் மகனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, மகன் கார்ல் ஆகஸ்ட் பதினெட்டு வயதை எட்டிய 1775 வரை, பதினாறு ஆண்டுகள் நாட்டை நடத்தினார்.

கடனும் போரும் சூழ்ந்திருந்த அந்த நாட்களில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். பச்சை மாளிகை எனப்பட்ட அரண்மனைக் கட்டடம் ஒன்றை 1761இல் தொடங்கி நூலகமாக மாற்றியமைத்தார். 1766இல் கோமகன்களின் நூல்களெல்லாம் அங்கே குடியேறின. வெண்மையும் பொன்னுமாக ஒளிரும் அதன் நீள்வட்ட மண்டபம் இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கிறது. 1774இல் ஊரின் பெரிய அரண்மனை தீக்கிரையானபோது, நூல்கள் முன்னமே இடம் மாறியிருந்தபடியால் தப்பின.

மகன்களுக்குக் கல்வி புகட்ட 1772இல் வீலாண்ட் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரை அவர் அழைத்து வந்தார். மகன் ஆட்சிக்கு வந்த 1775இலேயே, இருபத்தாறு வயதுக் கவிஞர் ஒருவர் அவன் அழைப்பின்பேரில் வைமாருக்கு வந்தார். அவர்தாம் ஜெர்மன் மொழியின் தலைசிறந்த கவிஞராகப் போற்றப்படும் கதே. சில காலம் தங்கிச் செல்ல வந்தவர், 1832இல் இறக்கும் வரை வைமாரையே தம் ஊராகக் கொண்டார். சுரங்கம், சாலை ஆகியவற்றை மேற்பார்த்த அமைச்சரும் அவரே. 1797 முதல் நூலகத்தைக் கண்காணித்தவரும் அவரே. அடுத்து அறிஞர் ஹெர்டர் வந்தார். 1799இல் நாடக ஆசிரியர் ஷில்லரும் குடிவந்தார். நம் பாரத நாட்டுக் காளிதாசரின் சாகுந்தல நாடகம் 1791இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தபோது கதேயும் ஹெர்டரும் அதைப் படித்து வியந்து போற்றினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அன்னா அமாலியாவின் மாளிகையில் ஒரு மேசை இருந்தது. அதைச் சுற்றி அரச குடும்பத்தாரும் சாதாரணக் குடியில் பிறந்த அறிஞர்களும் சமமாக அமர்வர். ஒருவர் படிக்க மற்றவர் கேட்பர்; சிலர் ஓவியம் வரைவர்; பெண்கள் கைவேலை செய்தபடியே உரையாடலில் கலந்துகொள்வர். பாக்கைச் சிறையிட்ட அதே ஊரில், அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் இப்படியொரு மாற்றம்! அக்கோமகள் தாமே இசை அமைக்கவும் வல்லவர். கதே எழுதிய இசை நாடகம் ஒன்றுக்கு அவர் இசையமைத்திருக்கிறார். 1807இல் அவர் காலமானார்.

பெண் குரல் ஒலித்த மன்றம்

அவருடைய மருமகள் லூயிசாவும் மனவுறுதி மிக்கவர். 1806 அக்டோபரில் அருகிலுள்ள யேனாவில் நெப்போலியன் வென்றதும், பிரெஞ்சுப் படையினர் வைமாரைச் சூறையாடினர். பலர் ஓடியும் அவர் அரண்மனையை விட்டு அகலவில்லை. வெற்றி வீரரை நேருக்கு நேர் சந்தித்து, ஊருக்காகவும் நாட்டுக்காகவும் பரிந்து பேசினார்.

1918 நவம்பரில் கடைசிக் கோமகன் முடி துறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், இவ்வூர் நாடக அரங்கில்தான் ஜெர்மன் தேசிய மன்றம் கூடிப் புதிய குடியரசுக்கு அரசியலமைப்பு வகுத்தது. வைமார் குடியரசு என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படிப்பது அதுவே. அம்மன்றத் தேர்தலில்தான் ஜெர்மன் பெண்கள் நாடளாவிய தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர். 37 பெண்கள் உறுப்பினராயினர். 1919 பிப்ரவரி 19 அன்று மரீ யூகாட்ஸ் என்னும் பெண்மணி எழுந்து உரையாற்றினார். ஜெர்மன் மக்கள் மன்றத்தில் ஒலித்த முதற் பெண் குரல் அது.

மலைமேல் படிந்த இருள்

இவ்வளவில் கட்டுரையை முடித்துவிட்டால் அது முழு உண்மையாகாது. ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் எட்டர்ஸ்பெர்க் என்றொரு குன்று உண்டு. அதன் சரிவில் இருந்த கோடை மாளிகையில்தான் அன்னா அமாலியாவும் கதேயும் நண்பர்களோடு நாடகம் நடித்து மகிழ்ந்தனர். அதே குன்றின்மேல் 1937இல் ஹிட்லரின் ஆட்சியினர் புக்கன்வால்ட் வதைமுகாமை அமைத்தனர். 1945 ஏப்ரலில் அது விடுவிக்கப்படும் வரை அங்கே சுமார் 2,80,000 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 56,000 பேர் உயிரிழந்தனர். முகாம் விடுவிக்கப்பட்ட சில நாட்களில், அமெரிக்கப் படையினர் வைமார் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரை அழைத்துச் சென்று அங்கு நடந்ததைக் கண்ணாரக் காணச் செய்தனர்.

அங்கு மாண்டவர்களுள் ஒருவர் ஆஸ்திரிய நாட்டுப் பங்குக்குரு, அருட்தந்தை ஓட்டோ நொய்ரூரர். மனைவியை மணவிலக்குச் செய்திருந்த நாஸி கட்சிக்காரன் ஒருவனை மணக்க வேண்டாம் என்று தம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு அறிவுரை கூறினார். அதுவே அவர் செய்த 'குற்றம்'. 1938 டிசம்பரில் அவரைச் சிறைப்பிடித்தனர். முகாமில் கைதி ஒருவர் வந்து ஞானஸ்நானம் கேட்டார். இது தம்மைச் சிக்கவைக்கும் சூழ்ச்சியாக இருக்கலாம் என்ற ஐயம் குருவுக்கு இருந்தது. ஆயினும் கேட்பவருக்கு மறுக்க அவர் மனம் இடந்தரவில்லை. அதற்குத் தண்டனையாகத் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, 1940 மே 30 அன்று உயிர் நீத்தார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

கவிதையும் இசையும் தழைத்த ஊரின் நிழலிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது. அறிவு மட்டும் மனிதரைக் காப்பதில்லை. அன்பும் மனச்சாட்சியும் இல்லாத கல்வி, திரியில்லாத விளக்குப் போன்றது.

கைமாறி வந்த நூல்கள்

அன்னா அமாலியாவின் நூலகத்துக்கு 1991இல் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 2004 செப்டம்பர் 2 மாலை அதன் மேல்தளத்தில் தீப்பற்றியது. மின்கம்பிக் கோளாறே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பழுதுபார்ப்பதற்காக நூல்களை அங்கிருந்து மாற்ற இன்னும் சில வாரங்களே இருந்தன. ஐம்பதாயிரம் நூல்கள் சாம்பலாயின. கோமகள் சேர்த்து வைத்திருந்த இசைச்சுவடிகளில் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று. மேலும் 62,000 நூல்கள் தீயாலும் தண்ணீராலும் சேதமுற்றன.

தீயணைப்போர் போராடிக்கொண்டிருக்கையில், நூலகப் பணியாளரும் ஊர்மக்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி நூல்களை வெளியே கடத்தினர். ஏறத்தாழ 28,000 நூல்கள் அன்று பழுதின்றித் தப்பின. 1534இல் அச்சான, மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த விவிலியத்தை நூலக இயக்குநரே உள்ளே சென்று எடுத்து வந்தார். நனைந்த நூல்கள் பூஞ்சை பிடிக்காதிருக்க உறையவைக்கப்பட்டு, பின்னர் பக்குவமாக உலர்த்தப்பட்டன. கருகிய ஏடுகளை ஒவ்வொன்றாகச் செப்பனிடும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. செப்பனிட்ட நூலகம் 2007 அக்டோபர் 24 அன்று, அன்னா அமாலியாவின் பிறந்த நாளிலேயே, மீண்டும் திறக்கப்பட்டது.

அன்பு மாணவிகளே! அன்று வரிசையில் நின்றவர்களுள் பலர் பெரிய அறிஞர்கள் அல்லர். முன்னால் நிற்பவர் தந்ததைக் கீழே போடாமல் பின்னால் நிற்பவரிடம் சேர்ப்பித்தனர், அவ்வளவே. நாமும் அப்படியொரு வரிசையில்தான் நிற்கிறோம். பெற்றோரும் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் நம் கையில் தருவது ஏடுகளை மட்டுமன்று. இறையச்சத்தையும் பிறர்மேல் கொள்ளும் இரக்கத்தையும் அவற்றோடு சேர்த்தே தருகின்றனர். இரண்டையும் தவறவிடாது அடுத்த கைக்குச் சேர்ப்போம்.