மோட்டார்வேக்குப் பக்கத்தில் இன்னொரு சாலை

லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலையில், வடக்கு யார்க்‌ஷயரின் லீமிங்குக்கும் பார்ட்டனுக்கும் இடைப்பட்ட சுமார் 19 கிலோமீட்டரை மோட்டார்வேயாகத் தரம் உயர்த்தும் பணி 2014இல் தொடங்கி 2018 மார்ச்சில் முடிந்தது. செலவு ஏறக்குறைய 38 கோடி பவுண்டு. அங்கே நடுத்தடுப்போடு நான்குவழிச் சாலை ஏற்கெனவே இருந்தது. கார்களுக்கான வேக வரம்பும் மாறவில்லை. பிரிட்டனில் இரண்டு வகைச் சாலைக்கும் மணிக்கு 70 மைல்தான். பக்கத்துக்கு ஒரு வழி கூட்டுவதற்கா இவ்வளவு பணம் என்று வரி கட்டுகிறவர் கேட்டால் அதில் தவறில்லை.

அந்தப் பணத்தின் பெரும் பயன், சாலைக்குள் யார் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறது. நடந்து போகிறவர்கள், சைக்கிள், குதிரை, டிராக்டர், 50 சிசிக்குக் குறைந்த மொபெட் எதற்கும் மோட்டார்வேயில் இடமில்லை. வயல் வாசலிலிருந்து நேராக ஏறவும் முடியாது. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் ஓரப்பாதையிலிருந்து ஊர்ந்து ஏறுகிற அதே தடத்தில், பின்னால் ஒரு கார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிரேக் பிடிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? இந்த வேக வித்தியாசத்தை ஒழிப்பதுதான் தரம் உயர்த்தலின் சாரம். ஆனால் வெளியேற்றப்பட்ட டிராக்டர் எங்கே போகும்? புது நிலத்தில் மோட்டார்வே போட்டால் பழைய சாலை வெளியேற்றப்பட்டவர்களுக்கு மிஞ்சும். பழைய சாலையையே எடுத்துக்கொண்டால் இன்னொன்று போட்டே ஆகவேண்டும். நம் ஊரில் சர்வீஸ் ரோடு என்கிறோமே, அதுதான். லீமிங்–பார்ட்டன் பணியிலும் அப்படி ஒன்று போட்டார்கள். கார்லைலுக்கு வடக்கே ஏ74 சாலையை எம்6 மோட்டார்வே ஆக்கியபோதும் இதே கதை: 2008 டிசம்பரில் திறந்த அந்த சுமார் 9 கிலோமீட்டருக்கு 17.4 கோடி பவுண்டு ஆனது; பக்கச்சாலையும் அதில் சேர்த்தி.

நாலு டிராக்டருக்காகத் தனிச் சாலையா என்பார்கள். அது டிராக்டருக்கு மட்டுமல்ல. விபத்தில் மோட்டார்வே அடைபட்டால் வண்டிகளைத் திருப்பிவிடவும் அது உதவும். புது நிலத்திலேயே போட்டுவிடலாமே என்ற வாதம் இதைவிட வலுவானது. போக்குவரத்தை ஓடவிட்டுக்கொண்டே அதன் நடுவில் வேலை பார்ப்பது பெரும் தொல்லை. பழைய தடம் என்பதால் மண்ணுக்கடியில் சிக்கல் இராது என்றும் சொல்ல முடியாது. லீமிங்–பார்ட்டன் பகுதியில் ஏ1, டியர் ஸ்ட்ரீட் என்ற ரோமானியர் சாலையை ஒட்டியே போகிறது. அந்தப் பகுதியிலுள்ள ஸ்காட்ச் கார்னரில் தோண்டியபோது அம்பரில் செதுக்கிய நடிகர் சிலை முதலான ரோமானியப் பொருள்கள் கிடைத்தன. 2017இல் முடியவேண்டிய வேலை தள்ளிப்போக இந்த அகழாய்வும் ஒரு காரணம். இருந்தும் என் ஓட்டு பழைய தடத்துக்கே. ஊர்களும் கிடங்குகளும் உணவகங்களும் அதை நம்பித்தான் வளர்ந்திருக்கின்றன. புதிதாக ஒரு பாதை வெட்டினால் இன்னொரு வரிசை வயல்கள் துண்டாகும். ஒரே நிபந்தனை, பக்கச்சாலைக்கான தொகை முதல் மதிப்பீட்டிலேயே இருக்கவேண்டும். அதைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்த திட்டம் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், அந்த மிச்சம் சைக்கிள்காரரிடமிருந்தும் விவசாயியிடமிருந்தும் எடுத்ததாகவே இருக்கும்.