அரை வயிறும் முழு மாத்திரையும்

க்ஷயரோகத்தை வேரோடு களையும் ஔஷதங்கள் கைக்குக் கிடைத்துவிட்ட இக்காலத்தில், அவற்றைத் தாங்கும் வலிமை எல்லாச் சரீரங்களுக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றும் ஈரலைப் புண்படுத்த வல்லவை. பெரும்பாலோர் இவற்றைக் கேடின்றிக் கடந்துவிடுகிறார்கள். எலும்பும் தோலுமாய், ரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குன்றிய நிலையில் சிகிச்சை தொடங்குகிறவர்களுக்கோ அபாயம் கூடுதல் என்று நம் நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதன் காரணத்தை ஈரலின் உயிரணுவுக்குள் காணலாம். ஐசோனியசிட் அங்கே சிதையும்போது ஹைட்ரசீன் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் பிறக்கின்றன. அவை மேலும் மாறுகையில் உக்கிரம் மிக்க பிராணவாயு மூலக்கூறுகளும் தோன்றி, உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதங்களையும் தாக்குகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று சொல்லப்படுவது இதுதான். இத்தாக்குதலைத் தன்மேல் ஏற்று நச்சை அடக்குவது குளுட்டாதயோன் என்னும் சிறு பொருள். மூன்று அமினோ அமிலங்களால் ஆன அதில் கந்தகம் தாங்கிய சிஸ்டீனே உயிர்நிலை. அந்தச் சிஸ்டீனோ முட்டை, மீன், பால், பருப்பு, தானியம் ஆகியவற்றின் புரதத்திலிருந்து வந்தாக வேண்டும். நாள் முழுவதும் கஞ்சித் தண்ணீரில் காலந்தள்ளுகிறவரின் ஈரல், செலவழிந்த குளுட்டாதயோனை எதைக்கொண்டு மீண்டும் ஆக்கும்? பாராசிட்டமால் அளவு மீறும்போதும் ஈரல் அழிவது இதே பொருள் வற்றிப்போவதனால்தான். அசிட்டைல்சிஸ்டீன் அந்நஞ்சுக்கு முறிமருந்தாக விளங்குவது சிஸ்டீனை உள்ளே கொடுப்பதனால்தான்.

ஆயினும் இது ஒற்றைக் கணக்கன்று. புரதக்குறைவு, நச்சை உண்டாக்கும் நொதிகளையும் சில வேளை தளர்த்திவிடுகிறது; மதுப்பழக்கமும் பிறவியிலே அமைந்த நொதி வேறுபாடும் குறுக்கிடுகின்றன.

1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற க்ஷயரோக ஆய்வு, சானடோரியத்தில் போஷாக்கான உணவும் ஓய்வும் பெற்றவர்களைப் போலவே, வீட்டில் எளிய உணவுண்டு மருந்து உட்கொண்டவர்களும் குணமடைந்தனர் என்று உலகுக்கு உணர்த்தியது. அது மருந்தின் ஆற்றலுக்குச் சாட்சி. அதைக்கொண்டு ஆகாரம் அநாவசியம் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை என்பதே என் துணிபு. அன்று கொடுக்கப்பட்ட மருந்துக் கூட்டில் ரிஃபாம்பிசினும் இல்லை, பைரசினமைடும் இல்லை. 2018 முதல் மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுத்தொகை வழங்கி, 2024-இல் அதை 1000 ஆக உயர்த்தியதையும், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடக்கத்திலேயே எடையும் உயரமும் அளந்து மிக நலிந்தோரைப் பிரித்தறியச் செய்ததையும் ஔஷதத்தின் பகுதியாகவே நான் கருதுகிறேன்.

நோயாளியின் வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் உட்கொள்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போவது இயல்பு. அந்த நிறத்துக்குப் பழகியவர்கள், காமாலையின் கறுத்த சிறுநீரையும் மாத்திரையின் நிறமென்றே விட்டுவிடுகிறார்கள். ஆகவே பகல் வெளிச்சத்தில் இமையைத் தாழ்த்தி விழியின் வெண்மையைப் பார்க்க வேண்டும். அது மஞ்சளித்திருந்தாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டினாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்; அவர் ரத்தத்தைப் பரிசோதித்து, தேவையானால் மருந்துகளை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்.