தீவில் ஒரு பல்பின் விலை

டிசம்பர் மாதத்தில் ஃபீனிக்ஸ் பேயில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. மற்ற தீவுகளுக்குப் போய்வரும் படகுகள் ஜெட்டியில் ஒதுங்க, மேட்டில் இருக்கும் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கடிகாரம் இந்திய நேரம். சூரியனோ அந்தமான் நேரம். சென்னையைவிட சுமார் முக்கால் மணி நேரம் முன்பே இங்கு சுவிட்சைத் தட்டவேண்டியிருக்கிறது.

அந்த சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் டீசல். இந்திய மின்தொகுப்போடு தீவுகளுக்கு இணைப்பு கிடையாது. 2020-ல் சென்னையிலிருந்து கடலடி வழியாக இன்டர்நெட் கேபிள் வந்தது, மின்சாரம் வரவில்லை. கப்பலில் வரும் டீசலை எரித்துத்தான் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. உற்பத்திச் செலவு வீட்டுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. மிச்சத்தைச் சுமப்பது அரசு.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். தினமும் 5 மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட் விழுங்கும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 16 யூனிட் போதும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் மூன்றரை யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே பல்பை மாற்றுவதில் மிச்சம் ஏறக்குறைய 27 லிட்டர். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன் மாட்டினால் லாபம் இன்னும் அதிகம். புழுக்கமான தீவில் ஃபேன் இரவு பகலாகச் சுற்றுகிறதே!

சூரிய சக்தியும் வந்திருக்கிறது. 2013-ல் காராசர்மாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் நிலையம். பிறகு நெய்வேலி என்எல்சியின் 20 மெகாவாட், பேட்டரியுடன். ஆனால் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவது சூரியன் போன பிறகுதான். டீசலுக்கு ஓய்வு இல்லை.

பல்பு உயிர்விட்ட பிறகு அடுத்த தலைவலி. பழைய டியூப்லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் பாதரசம். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும் அமிலமும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில், கொல்லையில் உடைத்துப் போட்டது ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். உடைக்காமல் தனியே எடுத்துவைப்பதும், புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுப்பதும்தான் வழி. உருக்கிப் பிரிக்கும் ஆலைகள் இருப்பது கடலுக்கு அப்பால்.

2024-ல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. மாறாதது ஒன்று: வெளிச்சத்துக்கான டீசல் கப்பலில் வருகிறது. கழிவும் கப்பல் ஏறித்தான் போகவேண்டும்.